கணினியில் தெரியாத படங்கள்: அப்லோட்ஸ் போல்டர் முழுவதையும் இறக்கத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆலயம், பாடசாலை, பழைய மாணவர் சங்கம், மரண அறிவித்தல், ஊர்ச் செய்தி என்று யாழ்ப்பாணத்திலிருந்து நடத்தப்படும் இணையத்தளங்கள் எல்லாம் படங்களை நம்பியே நிற்பவை. இத்தளங்களில் திருத்தம் செய்பவர் லைவ் தளத்தில், அதாவது மக்கள் பார்க்கும் உண்மையான தளத்தில், நேரே கைவைக்கக் கூடாது. தரவுத்தளத்தையும் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் பைல்களையும் லப்டொப்பில் இறக்கி, லப்டொப்பையே சேர்வராக்கும் எக்ஸாம்ப் போன்ற ஒன்றில் ஓடவிட்டு, சரிபார்த்த பிறகே மேலேற்ற வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் லப்டொப்பில் தளம் திறந்ததும் எழுத்தெல்லாம் வந்து, படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் உடைந்த சின்னம் நிற்கும்போது என்ன செய்வது என்ற பாடம் பல இடங்களில் விடுபட்டுப் போகிறது.

விடுபட்டதால் இரண்டு பழக்கங்கள் ஊறிவிட்டன. ஒன்று, தளத்தில் ஏற்றிய படங்கள் கிடக்கும் அப்லோட்ஸ் போல்டர் முழுவதையும் எஃப்டிபி என்ற பைல் பரிமாற்ற முறை வழியாக இரவிரவாக இறக்குவது. மற்றது, படமில்லாமலே வேலையை முடித்து மேலேற்றிவிடுவது. இரண்டும் வேண்டாம் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறோம். லப்டொப்பில் உள்ள படம் லப்டொப்பிலிருந்து வரட்டும். இல்லாதது லைவ் தளத்திலிருந்து வரட்டும். அங்கும் கிடைக்காவிட்டால் அதே அளவில் ஒரு சாம்பல் பெட்டி நிற்கட்டும். இந்த ஒழுங்கை ஒருமுறை அமைத்துவிட்டால் அந்தத் தளத்துக்கு மறுபடி தலையிடி இல்லை.

முதலில், அந்தப் போல்டர் ஏன் அவ்வளவு பெருக்கிறது என்று பார்ப்போம். தளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஏற்றும் ஒரு படம் ஒரு பைலாக இருப்பதில்லை. 150க்கு 150 என்று வெட்டிய சிறுபடம், பிறகு 300, 768, 1024, 1536, 2048 பிக்சல் அளவுகள் என ஆறு பிரதிகள் பிறக்கும். மூலப்படம் 2560 பிக்சலைத் தாண்டினால் அந்த அளவுக்குச் சுருக்கிய ஏழாவது பிரதியும் சேரும். மூலமும் அழியாமல் கிடக்கும். 1536, 2048, 2560 ஆகிய மூன்றும் 2019இல் வந்த 5.3 பதிப்போடு வந்தவை. தீமும் பிளகின்கள் என்ற துணை மென்பொருள்களும் தத்தம் பங்குக்குக் கேட்கும் அளவுகள் வேறு. நல்லூர்த் திருவிழா 25 நாள். நாளுக்கு 40 படம் கமராவிலிருந்து அப்படியே ஏற்றினால் 1,000 படம்; போல்டரில் 8,000 பைல். எஃப்டிபி ஒவ்வொரு பைலுக்கும் தனித்தனியாக இணைப்புத் திறந்து மூடுவதால், மொத்த அளவு சிறிதாக இருந்தாலும் பைல் எண்ணிக்கை கூடக்கூட நேரம் இழுக்கும். 12 ஜீபி போல்டர் ஒன்றை எடுத்தால், 8 எம்பிபிஎஸ் வேகம் ஒரே சீராகக் கிடைத்தாற்கூட 3 மணி 20 நிமிடம் வேண்டும். டொங்கிளில் டேட்டா போட்டு வேலை செய்யும் பயிலுநருக்கு அது காசு. அவர் திருத்தப் போவதோ ஒரு மெனு. வேலை முடியுமட்டும் அவர் திறக்கும் பக்கங்களில் முப்பது நாற்பது படங்களுக்கு மேல் இராது.

படமில்லாமலே வேலை செய்வதில் கெடுதல் வேறு. அகலமும் உயரமும் எழுதப்படாத படம் வராமல் போனால் அதன் பெட்டி சுருங்கிவிடும். கீழே உள்ளதெல்லாம் மேலே ஏறும். சிலைடரின் உயரம் பூச்சியமாகும். கைபேசி அளவில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்து மேலேற்றிய பிறகு லைவ் தளத்தில் படங்கள் வந்து தலைப்பின் மேல் ஏறி நிற்கும். இன்னொன்று, வேகம். வேர்ட்பிரஸின் எச்டிஅக்சஸ் (.htaccess) என்ற சேர்வர் அமைப்புப் பைலில் உள்ள விதி, டிஸ்க்கில் இல்லாத எதைக் கேட்டாலும் அதை வேர்ட்பிரஸைத் தொடக்கும் இன்டெக்ஸ் பிஎச்பி பைலுக்கு அனுப்பும். ஆக, ஒரு பக்கத்தில் 40 படம் இல்லையென்றால் அந்த ஒரு பக்கத்துக்காக வேர்ட்பிரஸ் மேலும் 40 தடவை முழுதாக எழும்பி, தரவுத்தளத்தைத் தொட்டு, "பக்கம் கிடைக்கவில்லை" என்ற பதிலைத் தயாரிக்கும். "என்னுடைய லப்டொப் பழசு, அதுதான் தளம் ஊருது" என்று சொல்லப்படும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எதையும் மாற்றுமுன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வேர்க் பகுதியில் படங்களை மட்டும் வடிகட்டி, "டிசேபிள் கேஷ்" (சேமித்த பழைய பிரதியைப் பயன்படுத்தாதே) என்பதில் சரி போட்டுப் பக்கத்தைத் திரும்பத் திறவுங்கள். 404 என்றால் அந்த முகவரியில் பைல் இல்லை. 403 என்றால் கேட்டவருக்குக் கொடுக்க மறுக்கிறார்கள். 200 என்று வந்தும் படம் தெரியாவிட்டால் வகை என்ற நிரலைப் பாருங்கள். படத்துக்குப் பதில் எச்டிஎம்எல் பக்கம் ஒன்று வந்திருக்கும். முகவரியே லைவ் தளத்தினதாக இருந்து, படமும் தெரிந்தால் அதுவும் நல்லதல்ல. தரவுத்தளத்தில் முகவரி மாற்றப்படவில்லை என்பதே அதன் பொருள். படம் தெரிகிறதே என்று இருந்தால், ஏதோவொரு இணைப்பை அழுத்தி லைவ் தளத்துக்குப் போய், உள்ளூர்ப் பிரதி என்ற நினைப்பில் உண்மையான தளத்தையே திருத்திவிடுவீர்கள்.

அந்த முகவரி மாற்றத்தை நோட்பேட்டில் தரவுத்தளப் பிரதியான எஸ்கியூஎல் பைலைத் திறந்து "ரீபிளேஸ் ஆல்" போட்டுச் செய்யாதீர்கள். தீம், விட்ஜெட் அமைப்புகள் பலவற்றில் எழுத்துத் தொடரோடு அதன் நீளமும் எண்ணாகச் சேர்த்துப் பதியப்பட்டிருக்கும். முகவரி நீண்டோ குறுகியோ போய் எண் பழையபடி நின்றால் பிஎச்பியால் அந்தப் பதிவை விரிக்க முடியாது. அமைப்பு முழுவதும் காணாமற் போகும். வேர்ட்பிரஸைக் கமாண்ட் வழியாக இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ (WP-CLI) கருவியின் சேர்ச்-ரீபிளேஸ் கமாண்ட் நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். முதலில் டிரை-ரன், அதாவது எதையும் மாற்றாத ஒத்திகை, போட்டு எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள். பதிவுகளின் நிலையான அடையாளம் இருக்கும் ஜிகைட் (guid) என்ற நிரலைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

இனி, லப்டொப்பில் இல்லாத படத்தை லைவ் தளத்திலிருந்து வரவழைக்கும் விதி. பத்திரிகைப் பத்தியில் கமாண்ட் வரிகளை அப்படியே அச்சிட வசதியில்லை. இரண்டு வரிகளும் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். அப்பாச்சி என்ற வெப் சேர்வரில் முதல் வரி ரீரைட்கொண்ட் (RewriteCond): கேட்கப்பட்ட பைல் டிஸ்க்கில் இல்லாவிட்டால் மட்டும். அடுத்த வரி ரீரைட்ரூல் (RewriteRule): பாதை அப்லோட்ஸ் போல்டருக்குரியது என்றால், அதற்குப் பின்னால் வரும் ஆண்டு, மாதம், பைல் பெயர் மூன்றையும் மாற்றாமல் லைவ் தளத்தின் அதே பாதையோடு ஒட்டி, தற்காலிகத் திருப்பலைக் குறிக்கும் 302 என்ற எண்ணோடு அங்கே திருப்பு. இவை எச்டிஅக்சஸ் பைலில் "பிகின் வேர்ட்பிரஸ்" என்ற வரிக்கு மேலே நிற்க வேண்டும். கீழே போட்டால் வேர்ட்பிரஸின் விதி முந்திக்கொள்ளும். அந்தப் பகுதிக்குள்ளே போட்டாலோ, பக்க முகவரிகளின் வடிவமான பெர்மாலிங்க் அமைப்பை அடுத்த முறை சேமிக்கும்போது வேர்ட்பிரஸ் அதை அழித்து எழுதிவிடும். எக்ஸாம்பில் இது உடனே வேலை செய்யும். உபுண்டுவில் அப்பாச்சியை நிறுவியவர்கள் ரீரைட் மொடியூலை இயக்கி, அந்தப் போல்டருக்கு அலவ்-ஓவர்ரைட் (AllowOverride) என்பதை "ஓல்" ஆக்க வேண்டும். அங்கே அது "நன்" என்றே வருகிறது.

302க்குப் பதில் 301 போடுவோர் பலர். 301 என்பது நிரந்தர மாற்றம். பிரவுசர் அதை மனதில் வைத்துக்கொள்ளும். நாளைக்கு அந்தப் படத்தின் புதிய பிரதியை லப்டொப்பில் வைத்தாலும் பிரவுசர் லப்டொப்பைக் கேட்காமலே லைவ் தளத்துக்கு ஓடும். பழைய படமே தெரியும். எத்தனை தரம் விதியை மாற்றி எழுதினாலும் பயனில்லை, கேஷை அழித்தால்தான் தீரும்.

எம்முடைய பரிந்துரை, இந்த விதியை எச்டிஅக்சஸில் எழுதாமல் அந்தத் தளத்துக்கென அப்பாச்சியில் இருக்கும் அமைப்புப் பைலான விர்ச்சுவல் ஹோஸ்ட் பைலில் எழுதுவது. எச்டிஅக்சஸ் தளத்தோடு சேர்ந்தே பயணிக்கும் பைல். தவறுதலாக மேலேறிவிட்டால், லைவ் தளத்தில் இல்லாத ஒரு படத்தைக் கேட்கும்போது அது தன்னைத் தானே திருப்பி அனுப்பிச் சுற்றத் தொடங்கும். விர்ச்சுவல் ஹோஸ்ட் பைல் லப்டொப்பை விட்டு நகராது. ஆனால் அங்கே இரண்டு வித்தியாசம் உண்டு. பாதையின் தொடக்கத்தில் சாய்கோடு வர வேண்டும். அத்தோடு ரிக்வெஸ்ட்-பைல்நேம் (REQUEST_FILENAME) என்ற மாறி அந்தக் கட்டத்தில் டிஸ்க்கின் முழுப் பாதையைத் தராது. டொக்கியுமென்ட்-ரூட் (DOCUMENT_ROOT), ரிக்வெஸ்ட்-யூஆர்ஐ (REQUEST_URI) இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். இதைக் கவனிக்காமல் எச்டிஅக்சஸில் இருந்த வரியை வெட்டி ஒட்டினால், லப்டொப்பில் இருக்கும் படங்களுக்கும் லைவ் தளத்துக்கே ஓடும்.

இன்னொரு வெப் சேர்வரான என்ஜின்எக்ஸில் (Nginx) அப்லோட்ஸ் பாதைக்கு லொகேஷன் என்ற விதிப் பகுதி ஒன்றை வைத்து, ட்ரை-பைல்ஸ் முதலில் டிஸ்க்கைப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் பெயரிட்ட இன்னொரு லொகேஷனுக்குப் போய் அங்கிருந்து புரொக்சி-பாஸ் லைவ் தளத்தைக் கேட்கட்டும். புரொக்சி-எஸ்எஸ்எல்-சேர்வர்-நேம் என்பதை "ஒன்" ஆக்க மறக்காதீர்கள். ஒரே ஐபியில் பல தளங்கள் உள்ள ஹோஸ்டிங்கில் அது இல்லாமல் எச்டிடிபிஎஸ் இணைப்பு தவறி 502 வரக்கூடும். படக் கோப்புகளுக்கென்று பாதையை எழுத்துக் கோலத்தால் பொருத்தும் வேறொரு ரெகெக்ஸ் லொகேஷன் ஏற்கெனவே இருந்தால் அது முந்திவிடும். உங்களுடையதற்கு முன்னால் கூரைக் குறியும் அலைக்குறியும் (^~) சேர்த்து முன்னுரிமை கொடுங்கள். புரொக்சி-ஸ்டோரை இயக்கினால் ஒருமுறை வந்த படம் டிஸ்க்கில் தங்கிவிடும், டேட்டா மிச்சம். வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூப்பலில் இதற்கென்றே ஸ்டேஜ் பைல் புரொக்சி என்ற மொடியூல் இருக்கிறது: லைவ் தளத்தின் முகவரியை ஒரிஜின் என்ற இடத்தில் கொடுத்தால் கேட்ட படத்தை மட்டும் இறக்கிவைக்கும், ஹொட்லிங்க் தெரிவைப் போட்டால் இறக்காமல் திருப்பி மட்டும் அனுப்பும்.

விதி சரி, ஆனால் 403 வருகிறது என்றால் லைவ் தளத்தில் ஹொட்லிங்க் தடுப்பு இருக்கிறது. வேறு தளத்திலிருந்து படத்தை இழுப்பவர்களைத் தடுக்க, கேட்பவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பதை ரெஃபரர் என்ற தலைப்பில் பார்க்கிறார்கள்; லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் லப்டொப்பின் முகவரி) என்று கண்டதும் மறுக்கிறார்கள். லைவ் தளத்தின் தடுப்பை நீக்க வேண்டாம். இவ்வகைத் தடுப்புகளிற் பல, ரெஃபரர் வெறுமையாக இருந்தால் விட்டுவிடும். உள்ளூர்ப் பிரதியில் மட்டும் "நோ-ரெஃபரர்" என்ற மெட்டா வரியைச் சேர்த்துப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் புரொக்சி என்றால் ரெஃபரர் தலைப்பை வெறுமையாக்கி அனுப்புங்கள்.

அடுத்து வருவது தமிழில் பைல் பெயர் வைப்பவர்களுக்கு வரும் வில்லங்கம். ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகளில் இதைத் தேடி எடுப்பது கடினம் என்பதால் விரிவாகவே சொல்கிறோம். ஒரு தளத்தில் ஊர்ப் பெயர்களில் படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மக் கணினியில் ஸிப் செய்து, லினக்ஸில் விரித்தபோது மானிப்பாய், சங்கானை, நல்லூர் ஆகிய படங்கள் தெரிகின்றன. கோப்பாய், கொக்குவில், கோண்டாவில், தொண்டைமானாறு தெரியவில்லை. போல்டரைத் திறந்தால் பைல்கள் அங்கேயே இருக்கின்றன, பெயரிலும் ஒரு எழுத்துப் பிசகில்லை.

காரணம் ஒகர, ஓகாரக் குறிகள். "கோ" என்பதை யுனிகோட்டில் இரண்டு வகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறி ஒரே குறியாக வரலாம். அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யுனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது குறி 3 பைட், இரண்டாவது 6 பைட். ஔகாரக் குறியும் அப்படித்தான். "கௌரி" என்ற பெயரும் மாட்டும். மக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். புதிய ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும், ஆனால் தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதும். அதனால் மக் வைத்திருப்பவருக்குக் கோளாறே தெரியாது. லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அவை இரண்டு வேறு பெயர்கள். தரவுத்தளத்தில் சேர்ந்த வடிவம், டிஸ்க்கில் பிரிந்த வடிவம் என்றால் 404 தான்.

சோதிப்பது சுலபம். நெட்வேர்க் பகுதியில் இருந்து முகவரியைப் பிரதி செய்து ஒட்டினால் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறியீடுகளாக வரும். "கோ" என்ற இடத்தில் 6 குறியீடுகள் இருந்தால் சேர்ந்த வடிவம், 9 இருந்தால் பிரிந்த வடிவம். டிஸ்க்கில் உள்ள பெயரையும் அவ்வாறே பார்த்து ஒப்பிடுங்கள். லினக்ஸில் கொன்வ்எம்வி (convmv) என்ற கருவிக்கு என்எஃப்சி (சேர்ந்த வடிவத்தின் பெயர்) வேண்டும் என்று சொன்னால் போல்டர் முழுவதையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும். "நோடெஸ்ட்" என்று கொடுக்கும்வரை மாற்றப் போவதைக் காட்டுமே தவிர மாற்றாது. மக்கிலிருந்து ஆர்சிங்க் (rsync) என்ற கருவியால் பைல்களை அனுப்புபவர்கள் ஐகொன்வ் தெரிவில் யூடிஎஃப்-8-மக், யூடிஎஃப்-8 என்ற இரண்டையும் கொடுத்தால் அனுப்பும்போதே திருந்தும்.

நீளமும் ஒரு சிக்கல். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ஆக 85 குறிகள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகவே எண்ணப்படும் என்பதால் ஒரு செய்தித் தலைப்பை அப்படியே பைல் பெயராக வைத்தால் எல்லை தாண்டிவிடக்கூடும். விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை, குறிகளை எண்ணுகிறது. அங்கே சேமிக்கப்பட்ட பெயர் லினக்ஸில் விரிபடாமல் போகும். புதிதாக ஏற்றும் படங்களுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இடைக்கோடு மட்டும் கொண்ட பெயர் வையுங்கள். தமிழ் விளக்கம் படத்தின் மாற்று உரைக்கான ஓல்ட் (alt) என்ற இடத்தில் வரட்டும். பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டப்படுவதும் அதுதான். பழைய படங்களின் பெயரை லைவ் தளத்தில் மாற்றப் போக வேண்டாம், தரவுத்தளத்தில் அவை பதிந்திருக்கும் எல்லா இடத்தையும் மாற்ற வேண்டிவரும்.

சிற்றெழுத்துப் பேரெழுத்துச் சிக்கல் எல்லோரும் அறிந்ததே: விண்டோஸில் தெரியும் படம், விரிவுப் பெயர் பைலில் பெரிய எழுத்திலும் பக்கத்தில் சிறிய எழுத்திலும் இருந்தால் லினக்ஸ் சேர்வரில் தெரியாது. பைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியைப் பயன்படுத்துவோர், இக்னோர் பைலில் எல்லா ஜேபிஜியையும் தவிர்க்கச் சொன்னால் தீமின் லோகோவும் பின்னணிப் படங்களும் சேர்ந்தே விடுபடும். அப்லோட்ஸ் போல்டரை மட்டும் தவிருங்கள். லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் எழுதிய தளத்தை கிட்டிலிருந்து குளோன் (பிரதி) செய்தபின் படம் வராவிட்டால், அதன் ஆர்டிசன் கருவியின் ஸ்டோரேஜ்-லிங்க் கமாண்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மின்சாரம் போய் ரவுட்டரும் நின்ற நேரத்தில் லைவ் தளத்தைக் கேட்கும் விதி உதவாது. அப்போதுதான் சாம்பல் பெட்டி. இணையத்தில் உள்ள பெட்டி தரும் சேவைகளை நம்பாமல், எழுத்தாலேயே வரையும் எஸ்விஜி (SVG) படம் ஒன்றைச் சில வரியில் எழுதி லப்டொப்பிலேயே வையுங்கள். பக்கத்தில் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட், படம் வராத எரர் நிகழ்வைப் பிடித்து அந்த எஸ்விஜியை வைக்கும். மூன்று இடத்தில் தவறுவார்கள். எரர் நிகழ்வு படத்திலிருந்து பக்கத்தின் மேல் உறுப்புகளுக்கு ஏறிப் போகாது. டொக்கியுமென்டில் நிகழ்வைக் கவனிக்கும் கேட்பானை (லிசனர்) வைக்கும்போது மூன்றாவது மதிப்பாக "ட்ரூ" கொடுத்து கப்சர் கட்டத்தில் பிடிக்க வேண்டும். படத்தின் முகவரியான எஸ்ஆர்சியை (src) மட்டும் மாற்றினால் போதாது. பல அளவுகளின் முகவரிகளைக் கொண்ட எஸ்ஆர்சி-செட் (srcset) இருந்தால் பிரவுசர் அதையே பார்க்கும், ஆகவே அதை நீக்குங்கள். ஒருமுறை மாற்றிய படத்தில் அடையாளம் ஒன்று வையுங்கள். இல்லையேல், எஸ்விஜியே கிடைக்காவிட்டால் நிகழ்வு முடிவில்லாமல் சுற்றும். சிஎஸ்எஸ் பின்னணிப் படங்களுக்கு எரர் நிகழ்வே வராது. அதற்கு ரீரைட் விதியை லைவ் தளத்துக்குப் பதில் எஸ்விஜிக்குத் திருப்புவதே வழி.

இந்த முறை கைகொடுக்காத வேலைகளும் உண்டு. சிறுபடங்களைத் திரும்ப உருவாக்குதல், படத்தை பிடிஎஃப்பில் சேர்த்தல், அளவை அளத்தல் போன்றவை டிஸ்க்கில் மூலப்படத்தைத் தேடும். பிரவுசருக்குக் கொடுக்கும் திருப்பல் அவற்றுக்குத் தெரியாது. அதற்கு அண்மைய ஒரு மாதப் போல்டரை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வேலை முடிந்து மேலேற்றும் நேரம். உங்கள் லப்டொப்பில் இப்போது அப்லோட்ஸ் போல்டர் ஏறக்குறைய வெறுமை. ஆர்சிங்கில் டிலீட் தெரிவோடு, அல்லது வின்எஸ்சிபி என்ற பைல் அனுப்பும் மென்பொருளின் சிங்க்ரனைஸில் "டிலீட் பைல்ஸ்" என்பதில் சரி போட்டபடி தளம் முழுவதையும் மேலே அனுப்பினால், இங்கே இல்லாத ஒவ்வொரு படமும் லைவ் சேர்வரிலும் அழிந்துபோகும். ஆண்டுக்கணக்கான திருவிழாப் படங்களும், இறந்தவர்களின் படங்களும் சில நிமிடத்தில் போய்விடும். அப்லோட்ஸ் போல்டரை எப்போதும் விலக்கு. தீம் போல்டரை மட்டும் அனுப்பு. முதலில் டிரை-ரன் பார். பயிலுநர் ஒருவருக்கு லைவ் சேர்வரின் கடவுச்சொல் கொடுக்குமுன் இந்த மூன்றும் கைவர வேண்டும்.

படங்களை முழுதாக இறக்க வேண்டாம் என்பதற்கு டேட்டாவும் நேரமும் மட்டும் காரணமல்ல. மரண அறிவித்தல் தளத்தில் இருப்பவை வீட்டார் நம்பிக் கொடுத்த முகங்கள். பாடசாலைத் தளத்தில் இருப்பவை பிள்ளைகளின் முகங்கள், சில வேளை அடையாள அட்டையின் பிரதிகளும். அவை வேலை செய்த ஒவ்வொருவரின் லப்டொப்பிலும், அவர்கள் கொடுத்து வாங்கும் பென்டிரைவ்களிலும், திருத்தக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்குகளிலும் பரவிக் கிடக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது சரியான காரியமல்ல. லொகின் செய்தவர்களுக்கு மட்டும் காட்டும் படங்களைத் திருப்பல் வழியாகவும் இழுக்க வேண்டாம். அவ்விடத்தில் சாம்பல் பெட்டியே போதும்.

பயிற்சி நிலையங்கள் இதை ஒரு செய்முறைப் பாடமாகச் சேர்க்க வேண்டும்: வெறும் அப்லோட்ஸ் போல்டரோடு ஒரு தளத்தைக் கொடுத்து, எஃப்12இல் காரணம் காணவும் விதி எழுதவும் டிரை-ரன் போட்டு மேலேற்றவும் மாணவரைச் செய்யவிட வேண்டும். தளத்தின் உரிமையாளர்களான ஆலய பரிபாலன சபைகளும் அதிபர்களும் சங்கத்தாரும் வேலையைக் கொடுக்கும்போதே, தங்கள் படங்களில் எவை எந்த லப்டொப்பில் இறக்கப்பட்டன, எந்தத் திகதியில் அழிக்கப்படும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
இணையத்தள உருவாக்குநர்கள் சிலர்,
திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.